அயலவர் மொழியும் அமானிதமும்

1

கலீலா வதிம்னாவின் இரண்டு நரிகள் பேசியவற்றை நாம் அறநூலாகக் கொண்டாடுகிறோம். சிங்கமும் எருதும் வாய் திறந்து பேசுகின்ற அந்தக் கதைகள் அரசவைகளில் வாசிக்கப்பட்டன. மொழிவிட்டு மொழி பாய்ந்து உலகைச் சுற்றின. ஆனால் தொலைக்காட்சியில் ஓடும் ஒரு கார்ட்டூன் அதே வேலையைச் செய்தால், அது சிறுபிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அறிவியல் புனைகதை மீது எமது இலக்கியச் சூழலுக்கு இருக்கும் அலட்சியமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டு அலட்சியங்களையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எமக்கு மிக நெருக்கமான ஒரு கேள்வியை எழுப்புகின்ற கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என நினைக்கிறேன்.

'ஸ்டார் ட்ரெக்' 1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. பல கிரகங்களின் மக்கள் ஒரே கப்பலில் பணிபுரிந்து விண்வெளியில் பயணம் செய்யும் கதை. 3 ஆண்டுகளில் நிறுத்தப்பட்ட அத்தொடர், பின்னர் பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் கிளைவிட்டு இன்றுவரை நீள்கிறது. 1973 இலும் 1974 இலும் அதன் முதலாவது கார்ட்டூன் வடிவம் 22 அத்தியாயங்களாக வந்தது. நான் பேச விரும்புவது அண்மைக்கால வடிவம் ஒன்று: 'ஸ்டார் ட்ரெக்: ப்ரொடிஜி'. கெவின் ஹேக்மன், டான் ஹேக்மன் ஆகிய சகோதரர்கள் உருவாக்கிய இத்தொடர் 2021 ஒக்டோபரில் வெளிவரத் தொடங்கியது. 2023 இல் அதைத் தயாரித்த நிறுவனமே கைவிட்டது. 2024 ஜூலையில் அதன் இரண்டாம் பருவம் நெட்பிளிக்ஸ் வழியாக வெளியானது.

கதை ஒரு சிறையில் தொடங்குகிறது. டார்ஸ் லமோரா என்பது ஒரு சிறுகோள். அதற்குள் ஒரு சுரங்கம். பல கிரகங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே அடிமைகளாகக் கனிமம் தோண்டுகிறார்கள். அவர்களை அடக்கிவைக்கச் சங்கிலியும் இயந்திரக் காவலர்களும் உண்டு. எல்லாவற்றிலும் வலுவான விலங்கு வேறொன்று. ஸ்டார் ட்ரெக் உலகில் எந்த மொழியையும் உடனுக்குடன் மாற்றித் தரும் ஒரு கருவி எல்லாரிடமும் இருக்கும். இந்தச் சிறையில் அது கைதிகளுக்குத் தடை செய்யப்பட்டுள்ளது. பக்கத்தில் நின்று தோண்டுகிறவனின் பேச்சு ஒருவனுக்கு உறுமலாக, கீச்சொலியாக, வெற்றொலியாக மட்டுமே கேட்கிறது. ஒருவரோடு ஒருவர் பேச முடியாதவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்க்கவும் முடியாது. சிறையை ஆளும் டிவைனருக்கு ஒரு மகள் இருக்கிறாள், பெயர் க்வின். கைதிகளின் மொழிகள் எல்லாம் அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றன. தந்தையின் கட்டளைகளைக் கைதிகளுக்குச் சொல்வதற்காக அவள் கற்றவை அவை.

அயலவனின் மொழி எனக்கு விளங்காமல் இருப்பது இயற்கையின் ஏற்பாடா, அல்லது யாரோ ஒருவருக்குப் பயன் தருகின்ற ஏற்பாடா? அது ஏற்பாடுதான் என்றால், அதை உடைப்பது யாருடைய கடமை? இத்தொடரிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது.

2

அறிவியல் புனைகதை எமது துறைமுகத்துக்குப் புதிய விருந்தாளி அல்ல. ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இலங்கையில் குடியேறினார். அதே ஆண்டில் அவரும் மைக் வில்சனும் கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். பூமியைச் சுற்றி மூன்று செய்மதிகளை உரிய உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அவர். உலகத்தாரெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழி சொன்ன மனிதர் இத்தீவில் வந்திறங்கிய அதே 1956 இல்தான், இந்நாட்டின் அரசு ஒரே ஒரு மொழியில் பேசுவதென்று முடிவெடுத்தது. அந்த ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. தமிழும் ஓர் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ள 1987 இன் 13 ஆவது திருத்தம் வரை, அதாவது 31 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 31 ஆண்டுகளில் என்னவெல்லாம் நடந்து முடிந்துவிட்டன என்பதை வாசகருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்துக்கு முன்னர் இங்கே மொழிகள் பிரிந்து கிடந்தனவா? துறைமுகம் என்றாலே பல நாக்குகள் சந்திக்கும் இடம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லாரும் தமது சொற்களை இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். நாம் அலுமாரி என்கிறோம், சிங்களவர் அல்மாரிய என்கிறார். நாம் சப்பாத்து என்கிறோம், அவர் சபத்துவ என்கிறார். பாண் இருவருக்கும் பாண்தான். இந்த வரிசையில் என்னை மிகவும் சிந்திக்க வைக்கும் சொல் கந்தோர். ஒல்லாந்த மொழியிலிருந்து வந்த அந்தச் சொல் எமது வாயில் கந்தோர், சிங்களத்தில் கந்தோருவ. அலுவலகத்தைக் குறிக்கும் சொல் இரு மொழிக்கும் பொதுவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கந்தோருக்குள் நுழைந்த பின்னர்தான் இரு மொழியினரும் ஒருவருக்கொருவர் விளங்காதவர்களாகிப் போகிறார்கள்!

கடற்கரையில் மீன் விலை பேசும்போது இந்தச் சிக்கல் இல்லை. கிண்ணியாக்காரரும் திருகோணமலைத் தமிழரும் தெற்கிலிருந்து வந்த சிங்கள வியாபாரியும் தேவையான அளவுக்கு ஒருவர் மொழியை ஒருவர் பேசி, சிரித்து, சண்டை போட்டு, காசை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் எசமானர் இல்லை. விளங்காவிட்டால் இருவருக்கும் நட்டம். அதிகார மேசைக்கு முன்னால் நிலைமை வேறு. தமிழில் சொல்லப்பட்ட முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுகிறது. தான் வாசிக்க முடியாத கடதாசியின் அடியில் முறைப்பாட்டாளர் கையொப்பமிடுகிறார். தமிழ் பேசுவோர் நீண்ட காலமாகச் சொல்லிவரும் குறை இது. இங்கே விளங்காமையின் நட்டம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே. டார்ஸ் லமோராவில் கருவியைப் பறித்தவர் அறிந்திருந்த இரகசியமும் இதுதான்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், ஏறத்தாழ மூன்று பேர் தமிழர், மூன்றுக்குச் சற்றுக் குறைவானோர் சிங்களவர். எந்தச் சமூகமும் மற்ற இரண்டையும் விலக்கிவிட்டு வாழ முடியாத கணக்கு இது. இத்தகைய ஒரு மாவட்டத்தில் பிள்ளைகள் தனித்தனி மொழிப் பாடசாலைகளில் படித்து, பதினெட்டு வயதுவரை அடுத்த ஊர்ப் பிள்ளையோடு ஒரு முழு வாக்கியம் பேசாமலே வளர்ந்துவிடுவது சாத்தியமாக இருக்கிறது. சுவர் எழுப்பியவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுவரின் நிழலில் அரசியல் செய்து பிழைத்தவர்கள் மூன்று சமூகங்களிலும் உண்டு.

3

ப்ரொடிஜியின் முதல் அத்தியாயத்தில் ஒரு சிறிய திருப்பம் வருகிறது. டால் என்ற இளைஞனோடு சுரங்கத்தில் ஒரு பெரிய உருவம் வேலை செய்கிறது. பாறையால் செய்தது போன்ற உடல். வாயைத் திறந்தால் உறுமல். டால் அதைக் கண்டு நடுங்குகிறான். பின்னர் அவர்கள் மண்ணுக்கடியில் புதைந்துகிடந்த ப்ரொட்டோஸ்டார் என்ற கப்பலைக் கண்டுபிடித்து உள்ளே ஏறுகிறார்கள். கப்பலின் மொழிபெயர்ப்புக் கருவி இயங்கத் தொடங்குகிறது. அந்தப் பாறை உருவம் பேசுகிறது: ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல்! ரொக்-டாக் என்பது அவள் பெயர், வயது எட்டு. பிறகும்கூட, உருவத்தைப் பார்த்து அவளைப் பாதுகாப்புப் பொறுப்பில் வைக்க நினைக்கிறார்கள். அவளுக்கோ உயிரினங்களைப் பற்றிப் படிப்பதில்தான் விருப்பம். உறுமல் என்று கேட்டதெல்லாம் ஒரு குழந்தையின் பேச்சு என்று தெரிந்த கணத்தில் அச்சம் கரைந்துபோகிறது.

இதை வாசிக்கும் எமக்கு இயல்பாகவே ஒரு ஆசை பிறக்கும். மொழி தெரிந்துவிட்டால் எமது அச்சங்களும் இப்படித்தான் கரையுமோ? 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலடாக்கும் மாத்திரை என்று சத்தமிட்டார். கூட்டம் கூடியது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி, ஆம் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அந்தத் தலையசைப்பு காணொளியாகி முகநூலில் பரவியது. அவர் தாக்கப்பட்டார், கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்துத் திகனையில் தீ பரவியது. அந்தக் கட்டி வெறும் மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. அப்படி மனிதரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை ஒன்று கிடையாது என்று மருத்துவ வல்லுநர்களும் விளக்கினர்.

அவருக்குச் சிங்களம் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எமது ஆட்களே சொன்னதுண்டு. இந்த வாதத்தில் ஒரு உண்மையும் ஒரு அநீதியும் கலந்திருக்கின்றன. மொழி தெரிந்திருப்பது நல்லது என்பது உண்மை. விளங்கிக்கொள்ளும் சுமையைப் பலவீனமானவரின் தலையில் மட்டும் ஏற்றுவது அநீதி. தமிழ் பேசும் பெரும்பான்மையைக் கொண்ட ஒரு மாகாணத்தின் நகரில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு விடயம் இருக்கிறது. அவர் தெளிவான சிங்களத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் அமைதியாகக் கலைந்து போயிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், அது விடை தேடிக் கேட்கப்பட்ட கேள்வியாகத் தோன்றவில்லை. விடை முன்னரே தயாராக இருந்தது, அதை நிரப்ப ஒரு தலையசைப்பு மட்டுமே தேவைப்பட்டது.

ஆகவே அச்சத்தில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக்கொள்வது பயனுள்ளது. ஒன்று அறியாமையால் வருவது. டாலுக்கு ரொக்-டாக் மீது இருந்தது அது. அவள் பயங்கரமானவளாக இருப்பதால் அவனுக்கு எந்த இலாபமும் இல்லை. எனவே குரல் கேட்டவுடன் அச்சம் போய்விட்டது. மற்றையது தேவையால் வருவது. ஒருவன் பயங்கரமானவனாக இருந்தே ஆகவேண்டும் என்று யாருக்கோ தேவை இருக்கிறது. அவன் என்ன சொன்னாலும் அது உறுமலாகவே கேட்கும். முதலாவது அச்சத்தை மொழிபெயர்ப்பு குணப்படுத்தும். இரண்டாவதன் முன் எந்தக் கருவியும் தோற்றுவிடும். கேட்க மறுப்பவனுக்கு மொழிபெயர்ப்பு என்பது இன்னொரு சத்தம் மட்டுமே.

4

மேலே சொன்னதற்குச் சான்று தேடி நாம் சிங்களத்தின் பக்கம் போகத் தேவையில்லை. தமிழரும் நாமும் பேசுவது ஒரே மொழி. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்த ஒலிபெருக்கிகள் தமிழிலேயே பேசின. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் விதித்த கட்டளையை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கியது. கிழக்கில் அதே ஆண்டில் தமிழ்க் கிராமங்கள் மீது நடந்த பழிவாங்கல்களில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் சிலர் பங்குகொண்டதும் பதிவாகியிருக்கிறது. அங்கே உயிருக்காக மன்றாடியவர்களின் சொற்களும் தமிழ்தான், கேட்ட காதுகளுக்கும் தமிழ்தான்.

ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு தொடரில் 1991 இல் வந்த 'டார்மொக்' என்ற அத்தியாயம் இவ்விடத்தில் நினைவுகொள்ளத்தக்கது. டமேரியர் என்றொரு இனம். கருவி அவர்களுடைய சொற்கள் அனைத்தையும் சரியாக மொழிபெயர்க்கிறது. ஆனாலும் எதுவும் விளங்கவில்லை. ஏனெனில் அவர்கள் எதைச் சொல்வதானாலும் தமது பழங்கதைகளின் ஆட்களையும் இடங்களையும் குறிப்பிட்டே சொல்கிறார்கள். கதை தெரியாதவனுக்கு அந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள். தனது பேச்சை அயலவனுக்கு விளக்குவதற்காக அந்த இனத்தின் தலைவன், எதிர்த்தரப்புக் கப்பற்தலைவனோடு சேர்ந்து ஒரு கொடிய பிராணியை எதிர்கொள்ளும் நிலைமையைத் தானே உருவாக்குகிறான். அதில் அவன் உயிரையும் இழக்கிறான். சேர்ந்து பட்ட துன்பத்தின் வழியாகத்தான் மற்றவன் அந்த மொழியைக் கற்கிறான்.

எம்மில் ஒருவர் துயரத்தின் உச்சத்தில் கர்பலா என்று ஒரு சொல் சொன்னால், பக்கத்து வீட்டுத் தமிழருக்கு அது ஒரு ஊரின் பெயர். அவர் கண்ணகி என்றால் எமக்குப் பாடப்புத்தகத்தில் படித்த ஒரு பெண். சிங்களவர் வெஸ்ஸந்தர என்று சொல்லும்போது, எல்லாவற்றையும் ஈந்துவிட்ட ஒரு இளவரசனின் கதை முழுவதும் அவர் மனதில் எழுகிறது, எமக்கு அந்தப் பெயரே அந்நியம். தமிழர் கண்ணகி என்று வணங்கும் அதே பெண்ணைச் சிங்களவர் பத்தினி என்று வணங்குகிறார்கள். அவ்விரு சமூகத்தாரிலும் எத்தனை பேர் அதை ஒரு உறவாக எண்ணிப் பார்த்திருப்பார்கள்? மொழி என்று நாம் சொல்வது அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. அயலவன் எதை எண்ணி அழுவான், எதன் பேரில் சத்தியம் செய்வான் என்பதும் அவன் மொழிதான். 1990 இல் சொற்கள் விளங்கின. மனிதர் விளங்கவில்லை, அல்லது விளங்க வேண்டாம் என்று முடிவுசெய்யப்பட்டிருந்தது.

5

இதுவரை சொன்னவற்றிலிருந்து, எப்படியாவது பேச்சு நடந்துவிட்டால் போதும், அது எப்போதும் நன்மையே என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். ப்ரொடிஜி அந்த முடிவையும் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை.

சிறையதிபரான டிவைனர் ஏன் அப்படி ஆனார் என்பது பின்னர் தெரியவருகிறது. அவர் எதிர்காலத்திலிருந்து வந்தவர். நட்புக் கரம் நீட்டியபடி விண்வெளிக் கூட்டமைப்பு அவருடைய கிரகத்துக்கு வந்தது. யாரும் குண்டு போடவில்லை. ஆனால் வந்தவர்களோடு சேர்வதா வேண்டாமா என்ற கேள்வியில் அம்மக்கள் இரண்டாகப் பிளந்து, உள்நாட்டுப் போரில் அந்த உலகமே அழிந்தது. அதற்குப் பழிவாங்க ப்ரொட்டோஸ்டார் கப்பலுக்குள் ஒரு ஆயுதம் ஒளித்து வைக்கப்படுகிறது. அக்கப்பல் கூட்டமைப்பின் இன்னொரு கப்பலோடு தொடர்புகொண்டால் போதும், அந்தத் தொடர்பு வழியாகவே ஆயுதம் தொற்றி, கப்பல்கள் தம்முள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். வணக்கம் சொல்வதே ஆயுதமாகிவிடுகிறது! முகநூலில் பரவிய ஒரு காணொளி ஊர்களை எரித்ததைக் கண்ட நாட்டில் இந்தக் கற்பனை மிகைப்பட்டதாகத் தெரியாது.

எமது தீவின் சரித்திரத்தில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் பலர் அறிவர். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பேரால். ஒரு பகுதி மற்றதன் மொழிபெயர்ப்பன்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில், அவரவர் வணங்கும் பெயரில் மரியாதை. இதைவிடப் பண்பான முதற் சந்திப்பு எங்கே கிடைக்கும் என்று எமக்குத் தோன்றும். ஆனால் அதே செங் ஹேயின் படை, கல்லில் பொறித்த ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1411 இல், இங்கே ஆட்சியிலிருந்த அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. கல்லைச் சுமந்து வந்த கப்பற்படைதான் படைவீரரையும் சுமந்து வந்தது.

இந்தக் கல்லைப் பொய் என்று தூக்கியெறிய நான் சொல்லவில்லை. அன்றைய கடலோரத்தில் தமிழும் பாரசீகமும் எத்துணை மதிப்போடு வழங்கின என்பதற்கு அது சாட்சி. அதற்கு 65 ஆண்டுகள் முன்னர், 1344 இல், இப்னு பதூதா புத்தளத்தில் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவராக இருந்தார். அந்தப் பேச்சின் விளைவாகப் பாவாத மலைக்குப் போக யோகிகளும் பிராமணர்களும் சுமை தூக்குவோரும் பயணிக்குத் துணையாக அனுப்பப்பட்டனர். மொழி தெரிந்த ஒரு மன்னன் ஒரு பயணியின் வழியை எளிதாக்கினான். மும்மொழிக் கல் பொறித்த ஒரு படை ஒரு மன்னனைக் கைதியாக்கியது. இரண்டு சம்பவங்களிலும் மொழியறிவு இருந்தது. ஆகவே மொழியறிவு தன்னளவில் நன்மையுமல்ல தீமையுமல்ல, அதைச் சுமப்பவனிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொருள். இப்படி ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்று சொல்வது எமது வழக்கம்.

6

இனி க்வினிடம் வரலாம். இத்தொடரில் என்னை மிகவும் பாதித்தது அவள் பாத்திரம்தான். தந்தையின் சிறையில் அவள் எல்லா மொழிகளும் தெரிந்தவள். கைதிகள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். ஆனால் விளங்கியதை வைத்துக்கொண்டு அவள் செய்தது கட்டளையை இறக்கி வைப்பது மட்டுமே. அவர்களுடைய அழுகையை மேலே கொண்டுபோகவில்லை. பின்னர் அவள் கைதிகளோடு அதே கப்பலில் பயணிக்கிறாள். முதற் பருவத்தின் இறுதியில் கப்பலின் மொழிபெயர்ப்புக் கருவி முடக்கப்படுகிறது. தோழர்கள் மீண்டும் சுரங்கத்து நாட்களைப் போல ஒருவருக்கொருவர் உறுமலாகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எல்லாருடைய மொழியும் நாக்கில் இருப்பது அவளுக்கு மட்டும்தான். ஒவ்வொருவரோடும் அவரவர் மொழியில் பேசி அவள் அவர்களை ஒன்றுசேர்க்கிறாள். கூட்டமைப்புக் கப்பல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும் வேளையில், ஆயுதம் தொற்றாத அயலார் கப்பல்களுக்கு உதவி கேட்டுக் குரல் போகிறது. சிறையில் கட்டளைக்குப் பயன்பட்ட அதே மொழிகள்தாம். மாறியது அவள் நின்ற இடம்.

கருவி இருக்கும்போது மொழி எதற்கு என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஸ்டார் ட்ரெக்கின் கருவி ஏறக்குறைய எமது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 இல் தமிழும் 2014 இல் சிங்களமும் சேர்க்கப்பட்டன. கைத்தொலைபேசியை நீட்டினால் பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்கிறது. இது பெரிய உதவி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கருவி சொல்லைத் தருகிறது, சொல்லுக்குப் பொறுப்பு நிற்பதில்லை. கோபத்தோடு கூடிய ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று, இவர் கேட்டதும் அவர் சொன்னதும் வேறு வேறு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வதற்கு ஒரு மனிதன் வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த, இரண்டு பக்கமும் முகம் தெரிந்த ஒரு மனிதன். அன்றிரவு அம்பாறையில் அப்படியொருவர் துணிந்து நடுவில் வந்திருந்தால், கேட்க விரும்பாதவர்களைத் திருத்தியிருக்க முடியாது. ஆனால் கூட்டத்தில் இருந்த எல்லாருமே கேட்க விரும்பாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அறியாமையால் அஞ்சியவர்களைத் தேவையால் அச்சமூட்டுகிறவர்களிடமிருந்து பிரித்தெடுப்பதுதான் மொழி தெரிந்தவரால் ஆகக்கூடிய காரியம். அது சிறிய காரியமல்ல.

இலங்கை முஸ்லிம்கள் க்வினின் இடத்தில் பல நூற்றாண்டுகளாக நிற்கிறார்கள் எனலாம். தெற்கில் சிங்களம் பேசி வாழ்கிறோம், கிழக்கில் தமிழ் எமது தாய்மொழி, தொழுகையில் அரபு. இந்த நிலை எமக்குச் சந்தேகத்தையும் பெற்றுத் தந்திருக்கிறது. நடுவில் நிற்பவனை இரு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தின் ஆளாகவே பார்ப்பர். எமது வியாபாரத்துக்கு மொழிகளைப் பயன்படுத்தினோம், அதில் தவறில்லை. அந்த மொழிகளை வைத்து அயலாரின் துயரத்தை எமது மக்களுக்கும் எமது துயரத்தை அயலாருக்கும் எவ்வளவு கொண்டுபோனோம் என்பதே கேள்வி. திக்குவல்லை கமாலும் எம். ரிஷான் ஷெரீபும் சிங்களப் படைப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததை இந்தக் கடமையின் நிறைவேற்றமாகவே நான் காண்கிறேன். எதிர்த் திசையிலும் பாலம் வேண்டும். மூதூரிலிருந்து 2006 ஓகஸ்டில் கந்தளாய்க்கு நடந்துபோன குடும்பங்களின் கதை சிங்கள வாசகருக்கு அவர் மொழியில் கிடைக்க வேண்டும். அதே மாதம் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவனப் பணியாளர்களின் கதையும், 1990 இல் தமிழ்க் கிராமங்களில் நடந்ததும் எமது வாசகருக்கும் எமது மொழியில் சொல்லப்பட வேண்டும். எமக்குச் சாதகமானதை மட்டும் மொழிபெயர்ப்பவர் சிறையதிபரின் மகளாகவே இருந்துவிடுகிறார்.

சுலைமான் நபிக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதும், அவருடைய படை வருகையில் ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்ததும் நாம் அறிந்த வரலாறு. புற்றுக்குள் ஒளிந்துகொள்ளுங்கள், படையினர் தம்மையறியாமலே மிதித்துவிடக் கூடும் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம். அந்த எறும்பு படையினரைக் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. அறியாமல் மிதிப்பார்கள் என்றுதான் சொன்னது. அந்தச் சொல்லைக் கேட்க வல்லவராகப் படையின் தலைவர் இருந்தார், கேட்டுப் புன்னகைத்தார், இறைவனுக்கு நன்றி செலுத்தினார். மொழியறிவின் முழுப் பொருளும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. பலமுள்ளவன், காலடியில் இருப்பவனின் மொழியை அறிந்திருத்தல். அறிந்ததனால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தல்.

ஒரு மாவட்டத்தில் நாம் சிறுபான்மை, இன்னொன்றில் பெரும்பான்மை. ஒரு தெருவில் நாம் எறும்பு, அடுத்த தெருவில் நாம் படை. திருகோணமலையில் இந்த இரண்டு தெருக்களுக்கும் இடையில் சில நூறு யார் தூரம்கூட இருப்பதில்லை. பலம் எம்மிடம் இருக்கும் தெருவில் அயலவரின் மொழியைக் கற்பது எமது கடமை. பலம் எம்மிடம் இல்லாத தெருவில் எமது மொழி கேட்கப்பட வேண்டும் என்று கோருவது எமது உரிமை. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் கோருவோமானால், எமது குரலும் அயலவருக்கு உறுமலாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.